ஆலைக் கானில் ஓடுவது வெறும் நாற்றமில்லை



நெல் அவிக்கும் ஆலைகள் உள்ள ஊர்க்காரருக்கு அந்த வாடையைப் பற்றி நாங்கள் சொல்லத் தேவையில்லை. நெல் ஊறிய தண்ணீர் கானில் இரண்டு நாள் தேங்கினால் ஜன்னலைச் சாத்தத்தான் வேண்டும். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு பாடசாலைக்கு வருகிறார்கள். ஆனால் அந்தத் தண்ணீரில் சக்தி இருக்கிறது. வெயிலில் இருந்து நெல்லுக்கு வந்த சக்திதான்.

அதைப் பிரித்து எடுப்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணங்கிகள். உணவை உடைக்கும்போது இலத்திரன்கள் வெளியாகும். நாங்கள் சுவாசிக்கும் ஒட்சிசன் நம் உடம்பில் அவற்றை வாங்கிக்கொள்கிறது. சேற்றுக்குள் ஒட்சிசன் இல்லை. அங்கு வாழும் ஜியோபக்டர் போன்ற பற்றீரியாக்கள் மண்ணிலுள்ள இரும்புக்கு அவற்றைக் கொடுக்கின்றன. இரும்புக்குப் பதிலாக ஒரு காபன் தகட்டை வைத்து, மறுமுனையைக் காற்றுப்படும் இன்னொரு தகட்டோடு கம்பியால் இணைத்தால், கம்பியில் மின் ஓடும். இதுதான் நுண்ணங்கி எரிபொருட் கலம்.

இது புதிய கதையில்லை. இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் பொட்டர் 1911இலேயே மதுவத்தை வைத்து இதைக் காட்டிவிட்டார். 2007இல் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தார் ஒரு பியர் தொழிற்சாலையின் கழிவுநீரில் பெரிய அளவில் முயன்றார்கள். மின்சாரம் எதிர்பார்த்த அளவு வரவில்லை. வகுப்பில் ஒரு வாளிச் சேற்றில் செய்து பார்த்தாலும் ஒரு வோல்ற்றுக்கும் குறைவாகத்தான் கிடைக்கும். "சேர், கரண்ட் போனா இதால ஃபேன் சுத்துமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். சுற்றாது. அதை மறைக்கக் கூடாது.

ஆனால் நுண்ணங்கிகளைக் கொண்டு இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு: உயிர்வாயு. காற்றுப் புகாத தொட்டியில் உணவுக் கழிவை விட்டால் மெதேன் வரும். அதில் அடுப்பு எரியும், ஜெனரேட்டரும் ஓடும். மிஞ்சும் கரைசல் வயலுக்குப் பசளை. 2021இல் இரசாயனப் பசளை நின்றபோது பட்ட பாடும், 2022இல் 13 மணிநேரம் இருட்டில் இருந்ததும் நமக்கு மறக்கவில்லையே. தொட்டிக்குள் பிடிக்காமல் குப்பை மேட்டில் விட்டால் அதே மெதேன் காற்றில் கலந்து, காபனீரொட்சைட்டை விடப் பல மடங்கு பூமியைச் சூடாக்கும்.

இதற்கெல்லாம் ஒரு நிபந்தனைதான். சோற்றோடு சொப்பிங் பேக் கலக்கக் கூடாது. கலந்தால் தொட்டியும் அடைபடும். அம்பாறைப் பக்கக் குப்பை மேட்டில் உணவோடு பிளாஸ்டிக்கைத் தின்ற யானைகள் செத்துக் கிடந்ததை நாமெல்லாம் பார்த்தோம்.

வீண்விரயம் கூடாது என்று ஜும்ஆவில் கேட்கிறோம். வலீமாச் சாப்பாடு முடிந்ததும் சஹனில் மிஞ்சியதையும் பிளாஸ்டிக் கரண்டியையும் ஒரே பேக்கில் கட்டி வீசுகிறோம். முதலில் மிச்சம் வராமல் ஆக்குவோம். வந்தால் இரண்டு வாளி வைப்போம். ஆலைக்காரர்களும் பள்ளிவாசல் நிர்வாகமும் பிரதேச சபையும் ஒன்றாக உட்கார்ந்து, ஊருக்கு ஒரு தொட்டியாவது கட்டுவது பற்றிப் பேசட்டும். கணக்குப் பார்த்துக் கொடுக்கவும், பிள்ளைகளோடு வந்து உதவவும் ஆசிரியர்கள் நாங்கள் தயார், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் வீட்டு அடுத்த விசேஷத்தில் இரண்டு வாளி வைப்பீர்களா? கீழே எழுதுங்கள்.