ஒட்டும் சுவரும்

சொல் பிறப்பது கைக்கு எட்டும் பொருளில்; வளர்வதோ கண்ணுக்குப் புலனாகாக் கருத்தில். இவ்வுண்மையை உணர ஏடுகளைத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. ஜொகூர் பாருவின் கிழக்கே அமைந்துள்ள பெர்மாஸ் ஜெயாவின் வரிசை வீடுகளே போதும். அங்கு ஒரு வீட்டின் வலச்சுவரே அடுத்த வீட்டின் இடச்சுவர். வீடு வாடகைக்கு என்றும், உடனடிக் கடன் என்றும் அறிவிக்கும் தாள்கள் தூண்களில் ஒட்டப்பட்டிருக்கும்.

மலாய், சீனம், ஆங்கிலம், தமிழ் ஆகிய மொழிகள் ஒருங்கே புழங்கும் அச்சூழலில் வளரும் தமிழ் மாணவன், 'ஸ்டிக்' என்னும் ஆங்கிலச் சொல்லைப் பல கோலங்களில் காண்கிறான். தாளைப் பசையால் ஒட்டுவதும் அதுவே. சொன்ன சொல்லில் நிற்பதும் அதுவே. விடை வாராமல் கணக்கில் திகைப்பதும் அதுவே. அனைத்தையும் 'ஒட்டு' என்றே பெயர்த்து, 'கணக்கில் ஒட்டிக்கொண்டேன்' என்று எழுதுவானாயின், எழுத்து தமிழாகும், வழக்கு தமிழாகாது. தமிழன் சொல்லில் நிற்பான்; இடரில் சிக்குவான்; நண்பனுக்குத் துணை நிற்பான்.

இவ்வேறுபாட்டின் காரணம் சொற்களின் பிறப்பிலேயே உள்ளது. அவ்வாங்கிலச் சொல் பழங்காலத்தில் குத்துதலைக் குறித்தது. குத்திய முனை அகலாது நிற்றலின், பற்றி நிற்றல் என்னும் பொருள் பின்னர் விளைந்தது. சுவரைக் குறிக்கும் 'வால்' என்னும் சொல்லும் அரணைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழி வந்ததே. அவ்விலத்தீன் சொல்லுக்கும் அடிப்படை, நிலத்தில் நட்ட கழியே. மனத்தில் பதிந்ததைப் 'பசுமரத்தாணி போல' என்று தமிழர் கூறும்போது, அவரும் அக்குத்துதலையே உவமையாக்குகின்றனர். வழிகள் வேறாயினும் சில வேளை அனுபவம் ஒன்றாகிவிடுகிறது.

தமிழின் 'ஒட்டு' நெருக்கத்தைச் சுட்டுவது. ஒட்டுறவு என்பது அன்பு. ஒட்டுண்ணி என்பது பிறர் உழைப்பில் வாழ்தல். திருக்குறளில் 'ஒட்டார்' என்பவர் பகைவர். எண்ணெய் தடவிப் புரண்டாலும் ஒட்டுகிற மண்தான் ஒட்டும் என்னும் பழமொழி பேராசைக்கு எல்லை வகுக்கிறது. சுவரும் அத்தகையதே. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது உடல்நலம் பேணச் சொல்லும் அறிவுரை. குட்டிச்சுவர் என்பது சீரழிந்த வாழ்வு. சுவருக்குக் காதுண்டு என்பதோ தமிழுக்கும் மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் பொது. தோட்டப்புற லயங்களில் பலகைத் தடுப்பின் இருபுறமும் வாழ்ந்தோர்க்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டியிருந்திராது.

எல்லாத் தொடர்களும் அவ்வாறு எளிதில் விளங்குவதில்லை. வரவிருக்கும் கேட்டின் அறிகுறியை ஆங்கிலேயர் 'சுவரில் எழுதிய எழுத்து' என்பர். பாபிலோனிய அரசன் பெல்ஷாசாரின் விருந்தில் தோன்றிய கை சுவரில் எழுதியதையும், தானியேல் அதற்குப் பொருளுரைத்ததையும் விவிலியம் கூறுகிறது. அக்கதையை அறியாதான் அத்தொடரில் சுவரை மட்டுமே காண்பான்.

கருதிய பொருளை மறைத்து, அதனைப் புலப்படுத்த ஒத்த பிறிதொன்றை உரைக்கும் அணிக்குத் தண்டியலங்காரம் சூட்டிய பெயரே 'ஒட்டு' என்பதாகும். ஒரு பொருளோடு மற்றொன்றை ஒட்டவைக்கும் ஆற்றலை இலக்கணமாகவே கண்டவர் தமிழர்.

அவ்வாற்றல் வகுப்பறையில் காக்கப்பட வேண்டும். ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதை வழக்கமாகக் கொண்ட தலைமுறை, தன் பாட்டி பேசிய பழமொழியைக் கேட்டும் பொருள் காணாது நிற்கும். அப்போது ஒரே வீட்டினுள் எழும்பும் சுவர் செங்கல்லால் ஆனதன்று. 'இதனைத் தமிழில் எவ்வாறு பெயர்ப்பது?' என்பதற்கு மாறாக, 'இந்நிலையில் தமிழர் என்ன சொல்வர்?' என்று ஆசிரியர் வினவப் பழக்குவாராயின், மாணவன் ஆங்கிலத்தையும் செவ்வனே கற்பான். தமிழும் அவன் நெஞ்சில் பசுமரத்தாணியாய்ப் பதியும்.