அறுவடைப் பணமும் ஆம்ப்ளியும்

தம்பி, சம்பா நெல் போட்ட பணம் கணக்கில் ஏறிவிட்டது, ஹோம் தியேட்டரில் ரிசீவரை மாற்றலாமா, ஸ்பீக்கரை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறாய். மைக் செட், ரேடியோ பழுது என்றே காலத்தை ஓட்டியவனிடம் கேட்டால் ஒரே வரியில் பதில் வரும் என்று நினைத்திருப்பாய். வரும், கொஞ்சம் பொறு. என்ன குறை என்று முதலில் சொல். "பழசாகிப் போச்சு" என்பதை நான் குறையாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன். வசனம் புரியவில்லையா? சத்தம் கூட்டினால் அணைந்துவிடுகிறதா? இடது பக்கம் கரகரக்கிறதா? இந்த மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. கடைக்குப் போனால் இதையெல்லாம் கேட்க மாட்டார்கள், பட்ஜெட் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள்.

உன் வயதுப் பிள்ளைகள் முதலில் மயங்குவது வாட் கணக்கில். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு நாங்கள் கொண்டு போனது ஐம்பது வாட் அகுஜா ஆம்ப்ளி ஒன்று, குழாய் ஸ்பீக்கர் இரண்டு. தென்னை மரத்தில் ஏற்றிக் கட்டினால் வாய்க்கால் தாண்டி அடுத்த ஊருக்குக் கேட்கும். ஆம்ப்ளி பலமான ஆம்ப்ளி என்று ஊரே சொல்லும். பலம் குழாயினுடையது. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் வருகிறது என்பதை வைத்துத்தான் ஸ்பீக்கரின் திறனைச் சொல்வார்கள். வீட்டு ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 84 முதல் 90-க்குள் இருக்கும். குழாய் 105-ஐத் தாண்டும். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய 10 டெசிபல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. 80 வாட் ரிசீவரைத் தள்ளிவிட்டு 100 வாட் வாங்குகிறாய் என்று வை, உனக்குக் கிடைப்பது 1 டெசிபல். காசைக் கொட்டி வாங்கிய அந்த ஒரு டெசிபலை உன் காது கண்டுபிடிப்பதே கஷ்டம். 84 டெசிபல் ஸ்பீக்கர் இருந்த இடத்தில் 90 டெசிபல் ஸ்பீக்கரை வைத்தால், அதே ரிசீவரின் வாட்டை நான்கு மடங்கு ஆக்கியதற்குச் சமம்.

தொண்ணூறுகளில் உன் அப்பா வாங்கிய டேப் ரிக்கார்டரில் பி.எம்.பி.ஓ. என்று போட்டு ஆயிரக்கணக்கில் வாட் அச்சிட்டிருப்பார்கள். அது மின்விசிறி அளவு கரண்ட் கூட இழுக்காது! இன்றைக்கு அவ்வளவு புளுகு இல்லை. ஆனாலும் ரிசீவர் அட்டையில் இருக்கும் வாட், பெரும்பாலும் ஒன்றிரண்டு சேனலை மட்டும் ஓட்டி அளந்தது. ஏழு சேனலும் சேர்ந்து ஓடும்போது அவ்வளவு வராது. வர வேண்டியதும் இல்லை. கூடத்தில் உட்கார்ந்து சாதாரணமாகப் படம் பார்க்கையில் ஸ்பீக்கருக்குப் போவது சராசரியாக ஒன்றிரண்டு வாட்தான்.

சத்தம் வேறு, சுகம் வேறு. குழாயில் மிருதங்கத்தின் தொப்பி எங்கே கேட்டது? அதில் வருவதெல்லாம் வலந்தலை மட்டும்தான். நம் ஊர் நாகஸ்வரத்தையே எடுத்துக்கொள். சாமி புறப்பாட்டில் நாலு வீதிக்கும் கேட்க வேண்டிய காலத்தில் குட்டையான, உச்ச சுருதி திமிரிதான் கொடிகட்டிப் பறந்தது. சபாவும் மைக்கும் வந்த பிறகு ஊரைக் கூட்டும் வேலை வாத்தியத்துக்குக் குறைந்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நீளமான பாரி நாகஸ்வரத்துக்குப் போனார். அதற்கு நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி உழைத்த உழைப்பு தனிக்கதை. 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அது அந்த ஊர் நாகஸ்வரத்துக்குத்தான். ராஜரத்தினம் பிள்ளை தேடிப் போனது நாதத்தை. நீயும் அதைத்தான் தேட வேண்டும்.

இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன். தை மாதம் நான் வந்திருந்தபோது கூடத்தில் பாதி உயரத்துக்கு நெல் மூட்டை அடுக்கியிருந்தது. அன்றைக்குப் போட்ட படத்தில் ஒவ்வொரு வசனமும் சுத்தமாகக் கேட்டது. நீயே "நல்லாயிருக்குல்ல தாத்தா?" என்று கேட்டாய். மூட்டை கொள்முதல் நிலையத்துக்குப் போனது, கூடம் காலியானது, அதற்குப் பிறகுதான் "ரிசீவர் போயிடுச்சுன்னு நினைக்கிறேன்" என்று போன் செய்தாய். ரிசீவர் எங்கும் போகவில்லை, சாக்குத்தான் போனது. சாக்கும் நெல்லும் குடித்த ஒலியை இப்போது உன் டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் திருப்பி அடிக்கின்றன. வசனத்தின் மேல் அதன் எதிரொலியே விழுந்தால் எந்தக் கம்பெனி ரிசீவர் வந்தாலும் புரியாது. தஞ்சாவூர் அரண்மனையில் சங்கீத மகாலைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? பாட்டுக் கேட்பதற்கென்றே ஒரு கூடத்தைக் கட்டி வைத்தவர்கள் நம் ஊரில் ஆண்டவர்கள். உன்னை மகால் கட்டச் சொல்லவில்லை. டி.வி.க்கும் சோபாவுக்கும் நடுவே கனமான ஜமுக்காளம் ஒன்று, ஜன்னலுக்குத் தடித்த திரை, எதிர்ச் சுவரில் ஒரு புத்தக அலமாரி, இவ்வளவு போதும். நடு ஸ்பீக்கரை டி.வி. அலமாரியின் அடித்தட்டில் உள்ளே தள்ளி வைத்திருக்கிறாய், அதை விளிம்புக்கு இழுத்துக் காதை நோக்கிச் சாய்த்து வை. ரிசீவரின் மெனுவில் அதன் அளவை இரண்டு மூன்று டெசிபல் கூட்டு. காசில்லாத வேலை இது.

நாகஸ்வரக்காரர் வாத்தியத்தில் மாற்றுச் சீவாளிகள் நூலில் கட்டித் தொங்குவதைப் பார்த்திருப்பாய். ஒலி சரியில்லை என்றால் அவர் முதலில் தொடுவது அந்தச் சீவாளியைத்தான். நாணல் துண்டை மாற்றிப் பார்க்காமல் ஆச்சா மரத்தில் புது வாத்தியம் செய்யச் சொல்லி நரசிங்கம்பேட்டைக்கு எவரும் ஓடுவதில்லை.

இதையெல்லாம் செய்த பிறகும் ஒரு பக்கம் கரகரத்தால், ரிசீவரை அணைத்துவிட்டு இடது வயரையும் வலது வயரையும் பின்னால் மாற்றிச் சொருகு. கரகரப்பு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டால் கோளாறு ரிசீவரில். இடம் மாறாமல் நின்றால் ஸ்பீக்கரில். ஸ்பீக்கர் என்றால் முன் துணியைக் கழற்றி, கோனின் நடுவைச் சுற்றி இரண்டு கை விரல்களாலும் சமமாக, பூப்போல அமுக்கிப் பார். உள்ளே உரசும் சத்தம் வந்தால் காயில் போயிற்று. கோனைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் தொட்டதும் பொடியாக உதிர்ந்தால் வளையம் போயிற்று. இரண்டையுமே மாற்றிக் கொடுக்கும் ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள். ரிசீவர் என்றால் மூடியைத் திறந்து பார்க்கச் சொல். நம் ஊரில் நான் திறந்த பெட்டிகளில் பாதிக்கு மேல் ஹீட் சிங்க் இடுக்கில் வெள்ளை வெளேரென்று பல்லி முட்டை இருக்கும். வெதுவெதுப்பான இடம், அதற்கு வசதி. ஒரு பல்லி குறுக்கே விழுந்தால் டிரான்சிஸ்டர் போகும். வால்யூம் திருகும்போது மட்டும் கொரகொரவென்றால் தூசி, சுத்தம் செய்தால் தீர்ந்தது.

சத்தம் கூட்டினால் அணைந்துவிடுகிறது என்பது வேறு விஷயம். உன் ஸ்பீக்கரின் பின்னால் 4 ஓம் என்றும், ரிசீவரில் 6 அல்லது 8 ஓம் என்றும் போட்டிருந்தால், ரிசீவர் தாங்காமல் தன்னைக் காத்துக்கொள்கிறது. அப்போது ரிசீவரை மாற்றுவதில் நியாயம் உண்டு. திணறும் ஆம்ப்ளியை முழுச் சத்தத்தில் ஓட்டினால் முதலில் கருகுவது ட்வீட்டர்.

நல்ல ஸ்பீக்கர் இருபது முப்பது வருஷம் ஓடும், மரப்பெட்டிக்குக் கரையான் வராமல் பார்த்துக்கொண்டால். ரிசீவர் அப்படி இல்லை. வீட்டுக்கு டால்பி அட்மாஸ் வந்தது 2014-இல், எச்.டி.எம்.ஐ. 2.1 வந்தது 2017-இல், நாளைக்கு இன்னொன்று வரும். உன் ரிசீவர் 4கே படத்தைக் கடத்தவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தூக்கிப் போடாதே. செட்-டாப் பெட்டியை நேராக டி.வி.யில் சொருகி, ஒலியை மட்டும் டி.வி.யிலிருந்து ஏ.ஆர்.சி. வழியாகவோ ஆப்டிகல் வயரிலோ ரிசீவருக்குக் கொண்டு வா. கூரையிலிருந்து மழை கொட்டுகிற மாதிரி அட்மாஸ் ஒலி வேண்டும் என்றால்தான் புது ரிசீவர் தேவை. அதற்குத் தலைக்கு மேல் ஸ்பீக்கரும் வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடு.

எதை வாங்கினாலும் ஸ்டெபிலைசரும் சரியான எர்த்தும் இல்லாமல் வாங்காதே. பம்ப் செட் ஓடும் நேரத்தில் நம் பக்கம் வோல்டேஜ் இறங்கும், மோட்டாரெல்லாம் நின்றதும் ஏறும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்து, வாரக்கணக்கில் இருட்டில் கிடந்து, கரண்ட் வந்தபோது என்னிடம் பழுதுக்கு வந்த பெட்டிகளுக்குக் கணக்கில்லை. ஐப்பசி கார்த்திகையில் இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிடு, கூடவே கேபிள் வயரையும்.

நீ கேட்ட பதில் இதுதான். கூடத்தைச் சரிசெய்துவிட்டு ஒரு மாதம் கேள். குறை தீராமல் நின்றால் முன்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கர்களையும் நடு ஸ்பீக்கரையும் ஒரே வரிசையில் வாங்கு, பின் ஸ்பீக்கர்கள் பழசே இருக்கட்டும். ரிசீவரை அது செத்த பிறகு மாற்றிக்கொள்ளலாம். திருச்சியில் கடைக்குப் போனால் அவர்கள் போடும் குண்டு வெடிக்கிற காட்சியைக் கேட்டு மயங்காதே. நீ தினமும் கேட்கும் பாட்டைப் பென் டிரைவில் எடுத்துப் போய்ப் போடச் சொல். முடிந்தால் உன் பழைய ஸ்பீக்கர் ஒன்றையும் காரில் ஏற்றிக்கொள், பக்கத்தில் வைத்துக் கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். வீட்டில் வைத்துக் கேட்டுவிட்டுத் திருப்பித் தரலாமா என்று கேள். முடியாது என்றால் அடுத்த கடைக்குப் போ.