வாக்ளேக்கு லீவு பாக்கி இருக்கா?

மாட்டுங்காவில் எங்கள் வீடு ஒன்றரை அறை. அந்த அரை அறையில்தான் சமையல், என் படிப்பு, ஊரிலிருந்து வந்தவர்களின் படுக்கை எல்லாம். விடியற்காலையில் பண்டார்கர் ரோடு பூக்கடைகளில் தண்ணீர் தெளிக்கும்போதே ஜன்னலில் மல்லிகை மணக்கும். வாழையிலை, சேனை, கறிவேப்பிலை எல்லாம் அந்தத் தெருவிலேயே தமிழ் பேசிக் கிடைத்ததால், பதினைந்து வருஷம் பம்பாயில் இருந்தும் அம்மாவுக்கு இந்தி வரவில்லை.

அதனால் 1988-ல் தூர்தர்ஷனில் ‘வாக்ளே கி துனியா’ வந்தபோது அம்மாவுக்கு மொழிபெயர்ப்பாளன் நான். மாடி வீட்டு மாமியும் முறுக்குத் தட்டோடு இறங்கி வந்துவிடுவாள்.

வாக்ளே ஒரு மராத்திக் குமாஸ்தா. அவனைப் படைத்தவர் மைசூரில் பிறந்த தமிழர், ஆர்.கே. லக்ஷ்மண். நடித்த அஞ்சன் ஸ்ரீவாஸ்தவ் கல்கத்தாக்காரர். நிஜத்திலும் பேங்கில் உத்தியோகம் பார்த்தவர். அந்தத் தோள் சரிவு ஒப்பனையில் வராது. லக்ஷ்மணின் கார்ட்டூனில் வரும் சாமானியன் வாயே திறக்க மாட்டார். வாக்ளே திறப்பான், ஆனால் பேச வேண்டிய ஆளிடம் பேசாமல் வீட்டுக்கு வந்து மனைவி ராதிகாவிடம் பேசுவான். ராதிகாவாக நடித்த பாரதி ஆச்ரேக்கர் அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த வேலைக்குப் போகும் அழகு இருக்கிறதே, அம்மாவுக்கு அந்த இடங்களில் நான் மொழிபெயர்க்கவே வேண்டியிருக்காது.

ஒரு வாரம், ஓர் இளைஞன் வாக்ளே மேல் காரை மோதிவிடுகிறான். சிரிக்க உட்கார்ந்த வீட்டில் விபத்தைக் காட்ட ஒரு தைரியம் வேண்டும். ‘ஜானே பி தோ யாரோ’வில் பிணத்தை வைத்தே சிரிக்க வைத்த இயக்குநர் குந்தன் ஷாவுக்கு அது பெரிய காரியமில்லைதான். அதைவிட எனக்குப் பிடித்தது, மோதியவனை அவர் வில்லனாக்காதது. துறுதுறுவென்று, முடி நெற்றியில் விழ, ஒரு பையன். யாரென்று அன்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை.

எல்லோரும் ‘ஐயையோ’ என்றபோது அப்பா மட்டும் பெட்டியை உற்றுப் பார்த்துச் சொன்னார்: “பாவம், மெடிக்கல் லீவு எத்தனை பாக்கி இருக்கோ.”

தினமும் 8.22 லோக்கலில் தொங்கியபடி வி.டி. ஸ்டேஷனில் போய் இறங்குகிறவரின் கவலை அது. அந்த வருஷம் மழையில் வழுக்கி விழுந்து அவருடைய லீவும் தீர்ந்திருந்தது. மறுநாள் டிபன் டப்பாவை மூடும்போது அம்மா கேட்டாள், “அந்த வாக்ளேக்கு லீவு குடுத்துட்டாளாமா?” ‘தெரியலை’ என்று அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

நாங்கள் குடியிருந்த கட்டடம் இப்போது இல்லை. அடித்தளத்தில் கார் நிறுத்தும் பெரிய கட்டடமாகிவிட்டது.

2000-ல் ‘ஹே ராம்’ பார்க்க அப்பாவை அழைத்துப் போனேன். ஷாருக் கான் திரையில் வந்ததும் கொட்டகையில் விசில். அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் சாய்ந்தார்.

“டேய், இவன் வாக்ளே மேல வண்டிய ஏத்தின பையன்னா?”