தூசும் புள்ளியும்

ஓலைச்சுவடிகளோடு பழகியவர்களுக்குத் தெரிந்த செய்திதான். ஏடெழுதியோர் மெய்யெழுத்தின் தலையில் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. எழுத்தாணியின் முனை அழுந்தினால் ஓலை பொத்துப்போகும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். மெய்க்குப் புள்ளி உண்டு என்பது தொல்காப்பியத்திலேயே உள்ள விதி. ஆனால் ஏட்டு வழக்கில் அது இல்லை. ஆகவே சுவடியைப் பார்த்துப் பதிப்பித்தவர்கள், எதிரே நிற்கும் எழுத்து மெய்யா உயிர்மெய்யா என்பதைத் தாமே தீர்மானிக்க வேண்டியிருந்தது. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையரும், அவருக்கு மூத்தவரான சி.வை. தாமோதரம்பிள்ளையும் பட்ட பாட்டில் ஒரு பங்கு இந்தப் புள்ளிக்காகப் பட்டது. அச்சு வந்தபின் புள்ளி தன் இடத்தில் நிலைபெற்றது. அந்த அச்சு நூல்களைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றும் இக்காலத்தில் அது மீண்டும் தொலையக்கூடும். எவ்வாறு தொலையும், தொலையாமல் காப்பது எவ்வாறு என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் தமிழ்த்துறை அலமாரியில் செய்யுளும் உரையுமாகச் சிறு நூல் ஒன்று இருக்கிறது. முகப்பும் கடைசிச் சில பக்கங்களும் போய்விட்டன. தாளையும் அச்செழுத்தையும் பார்த்தால் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது என்று தோன்றுகிறது. புரட்டினால் ஓரம் உதிர்கிறது. கவிழ்த்து அழுத்திப் படியெடுத்தால் முதுகு பிளந்துவிடும் என்பதால், சன்னலோர வெளிச்சத்தில் வைத்துப் பக்கம் பக்கமாகப் படமெடுத்தோம். படங்களைத் தூய்மை செய்யும் வேலைக்குக் கணினி அறிவியல் மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் துணை வந்தார். அவர் எங்களுக்கு அறிமுகப்படுத்தியது பைத்தான் மொழியில் இயங்கும் ‘பில்லோ’ என்னும் நிரல்தொகுப்பு.

பிறர் எழுதிவைத்த நிரல்களை வேண்டியபோது எடுத்தாளும் இத்தகைய தொகுப்பைக் கணினித் துறையார் நூலகம் என்றே அழைக்கின்றனர். பொருத்தமான பெயர்தான். ஃபிரெடரிக் லுண்ட் என்பவர் 1990களில் உருவாக்கிய ‘பைத்தான் இமேஜிங் லைப்ரரி’யே இதன் மூலம். அதன் கடைசிப் பதிப்பு 2009இல் வந்தது. பின்னர் அது தேங்கி நிற்கவே, 2010இல் அலெக்ஸ் கிளார்க் அதிலிருந்து ஒரு கிளையைப் பிரித்துப் ‘பில்லோ’ என்று பெயரிட்டார். லுண்ட் 2021இல் மறைந்தார். தொகுப்போ பலர் கைபட்டு இன்றும் வளர்கிறது. எவரும் விலையின்றிப் பெறலாம். மூலநூலாசிரியர் போனபின்னும் உரையாசிரியர்கள் அடுத்தடுத்து வந்து நூலை வாழவைப்பது நமக்குப் புதிதன்று.

இத்தொகுப்பில் ‘ஓப்பன்’ என்ற கட்டளையால் படத்தைத் திறக்கிறோம். திறந்தவுடன் படம் முழுவதும் நினைவகத்துக்கு வந்துவிடுவதில்லை. கோப்பின் தலைப்பகுதியை மட்டும் படித்து, இன்ன வகை, இன்ன அளவு என்று அறிந்துகொண்டு நிரல் காத்திருக்கிறது. படத்தை வைத்து ஏதேனும் செய்யச் சொல்லும்போதுதான் உள்ளே இருப்பதை வாசிக்கத் தொடங்குகிறது. சுவடிக் கட்டின் மேலிருக்கும் பெயர்ச்சீட்டை முதலில் பார்ப்பது போன்றது இது.

உள்ளே இருப்பவை அனைத்தும் எண்கள். அகலம் 3000, உயரம் 4000 என்றமைந்த ஒரு படத்தில் 1.2 கோடிக் கட்டங்கள் உள்ளன. பிக்சல் எனப்படும் இக்கட்டத்தைத் தமிழில் படப்புள்ளி என்பர். நாம் பேசவந்த புள்ளி வேறாகையால் இங்கே பிக்சல் என்றே வழங்குவோம். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை. ஆக ஒரு பக்கத்துக்கு 3.6 கோடி எண்கள். கணினிக்குத் தெரிந்தது அவ்வளவே. எழுத்து என்றோ கறை என்றோ அது எதையும் அறியாது.

வண்ணத்தைச் சாம்பல் நிறமாக்குவது வழக்கமான முதற்படி. ‘கன்வெர்ட்’ என்ற கட்டளை ஆயிரத்தில் 299 பங்கு சிவப்பும், 587 பங்கு பச்சையும், 114 பங்கு நீலமும் சேர்த்து ஒரே எண்ணாக்குகிறது. மனிதக் கண் பச்சைக்கு மிகுதியாகவும் நீலத்துக்குக் குறைவாகவும் இணங்குவதால் வந்த கணக்கு இது. கண்ணுக்கு நல்ல கணக்கு பழுப்பேறிய தாளுக்கு நல்லதாக இருக்கவேண்டுவதில்லை. ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். தாளின் நிறம் 225, 200, 150. மையின் நிறம் 70, 55, 45. ஈரக்கறையின் நிறம் 150, 105, 60. மேற்படி கணக்கில் தாள் 202, மை 58, கறை 113 என்றாகும். நடுவெண்ணாகிய 128ஐ எல்லையாக வைத்துக் கறுப்பு வெள்ளை பிரித்தால் கறை கறுப்பின் பக்கம் போய்ச் சேரும். அதன்மேல் உள்ள எழுத்துகள் மூழ்கும். மூன்று நிறங்களையும் ‘ஸ்பிளிட்’ கட்டளையால் தனித்தனியே பிரித்துச் சிவப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் கறையின் எண் 150. அதே எல்லையில் அது வெள்ளையின் பக்கம் விலகிவிடுகிறது. பழுப்புக் கறை படிந்த நூல்களைப் படமெடுப்போர் இதனைச் செய்து பார்க்கலாம். கறையின் கீழிருந்து ஒரு வரி மேலெழுந்து வருவதைக் காணும் மகிழ்ச்சி சிறிதன்று.

கறுப்பா வெள்ளையா என்ற எல்லைக் கேள்வி எண்மப் படத்தின் பிறப்போடு பிறந்தது. 1957இல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் தம் கைக்குழந்தையின் ஒளிப்படத்தைக் கணினிக்குள் ஏற்றினார். அகலமும் உயரமும் 176 பிக்சல்களே கொண்ட அதில் ஒவ்வொரு பிக்சலும் கறுப்பு அல்லது வெள்ளை. 1979இல் நொபுயுகி ஒட்சு என்னும் சப்பானிய ஆய்வாளர், எண்களின் பரவலைக் கொண்டே எல்லையைக் கணித்துக்கொள்ளும் முறை ஒன்றை வகுத்தார்; இன்றும் அது பயன்படுகிறது. ஆயினும் பக்கம் முழுமைக்கும் ஓர் எல்லை வைத்தால், அச்சுக்கோத்தபோதே மை குறைந்து மங்கிய எழுத்துகள் எந்த முறையிலும் சற்றுத் தேய்கின்றன. ‘பில்லோ’வில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். எல்லை எதுவும் சொல்லாமல் நேரே கறுப்பு வெள்ளையாக்கச் சொன்னால், சாம்பல் நிறத்தைக் கறுப்புப் பொட்டுகளாகத் தூவிக் காட்டும் முறையை அது தானே கையாள்கிறது. முகங்களுக்கு அம்முறை அழகு. 202 என்னும் நிறமுள்ள தாளிலோ ஏறக்குறைய ஐந்தில் ஒரு பிக்சல் கறுப்பாகிவிடும். அந்தத் தூவலில் மெய்யின் புள்ளியை எங்கே தேடுவது?

இதைத் தவிர்த்தாலும் தாளின் இயல்பான தூசு எஞ்சும். அதனை நீக்க ‘மீடியன் ஃபில்டர்’ என்ற வடிகட்டி உண்டு. ஒரு பிக்சலையும் அதன் சுற்றத்தையும் எடுத்து, எண்களை ஏறுவரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்பதை அந்த இடத்தில் வைப்பது அதன் வேலை. தனித்து நிற்கும் பொட்டு சுற்றத்தாரிடம் தோற்று மறையும்.

பக்கத்தைச் சிறிதாக்கிய படி ஒன்றை எடுத்து இதனைச் சோதித்தோம். அதில் மெய்யின் புள்ளி அகலம் மூன்று, உயரம் மூன்று என ஒன்பது பிக்சல். எழுத்தின் கோடும் மூன்று பிக்சல் தடிமன். வடிகட்டியின் சாளரம் ஐந்துக்கு ஐந்து, அதாவது 25 பிக்சல். நடுவில் நிற்பது 13ஆவது. கோட்டின்மேல் சாளரம் நிற்கும்போது 15 பிக்சல்கள் கறுப்பு. எனவே கோடு பிழைக்கிறது. புள்ளியின்மேல் நிற்கும்போது ஒன்பதே கறுப்பு, 13ஐ எட்டமுடியாது. புள்ளி சுவடின்றிப் போகிறது. எழுத்து சிதையவில்லை, பக்கத்தில் காயம் இல்லை. முன்னினும் தூய்மையாகவே தெரிகிறது. அச்சத்துக்குரியது இந்தத் தூய்மைதான்.

“ஐயா, தூசு எல்லாம் போயிடுச்சு, பாருங்க” என்றார் மாணவர்.

“‘மலர்’ எங்கே, தம்பி? இங்கே ‘மலர’ என்றல்லவா இருக்கிறது?”

அவர் மூலப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “இது புள்ளியா தூசான்னு கணினிக்கு எப்படி ஐயா தெரியும்?”

தெரியாது என்பதே விடை. மலர் என்பதும் சொல், மலர என்பதும் சொல். அகராதியை வைத்துப் பிழைதிருத்தும் மென்பொருளும் இதனைக் கடந்து போய்விடும். யாப்பு அறிந்தவர் கடந்து போகமாட்டார். அச்சொல் நின்ற இடம் ஒரு வெண்பாவின் ஈற்றுச்சீர். நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளில் அடங்கவேண்டிய இடம். மலர் என்பது அங்கே தானே வாய்பாடாக நிற்பது. மலர என்பதற்கு அங்கே இடமில்லை. மாணவருக்கு இதனைச் சீர் பிரித்துக் காட்டியபோது, வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் படித்த ஒன்று இங்கே பயன்படுவதை வியப்போடு பார்த்தார். எங்களுக்கும் அந்த வியப்பு இருந்தது. ஆனால் செய்யுளுக்குத்தான் இந்தக் காவல். உரைநடைப் பகுதியில் புள்ளி போனால் பொருள் நோக்கி ஊகிப்பதன்றி வேறு வழியில்லை. ஓலைக்கும் அச்சுக்கும் இடையே நின்றவர்கள் எங்கே நின்றார்களோ அங்கேயே நாமும் போய் நிற்போம். அவர்களிடம் மூலச் சுவடி இருந்தது, நம்மிடம் மூலப்படம் இருந்தாலன்றி அந்த ஊகத்தைச் சரிபார்க்கவும் முடியாது.

ஆகவே சில நெறிகளை வகுத்துக்கொண்டோம். எடுத்த படத்தின்மேல் எதுவும் எழுதுவதில்லை. ‘பில்லோ’வின் கட்டளைகளில் பெரும்பாலானவை மூலத்தைத் தொடாமல் புதிய படம் ஒன்றைத் தருவன, ‘தம்ப்நெயில்’ போன்ற சில, நினைவகத்தில் இருக்கும் படத்தையே மாற்றுவன. அவற்றைப் படி எடுத்தபின்னரே ஆள்கிறோம். ஜேபெக் வடிவம் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் நுண்மைகளை இழப்பது; எனவே இடைநிலைப் படங்களைப் பிஎன்ஜி வடிவில் வைக்கிறோம். தூசை நீக்கும் வேலையைச் சிறிதாக்குவதற்கு முன்பே, புள்ளி பெரிதாக இருக்கும் நிலையில், சிறிய சாளரம் கொண்டு செய்கிறோம். தூய்மை செய்த பக்கத்தையும் வண்ணப் படத்தையும் அருகருகே வைத்து ஒருவர் படிக்க மற்றவர் பார்க்கிறோம்.

எந்த நிறத்தைப் பிரித்தோம், எல்லை எவ்வளவு, சாளரம் எவ்வளவு என்பவை அனைத்தும் நிரலின் சில வரிகளில் உள்ளன. அந்த வரிகளைப் படங்களோடு சேர்த்தே வைக்கிறோம். பழைய பதிப்பாசிரியர்கள் எந்தெந்தப் பிரதிகளைப் பார்த்தோம், எங்கே பாடம் வேறுபட்டது என்று முகவுரையிலும் அடிக்குறிப்பிலும் சொல்லிச் சென்றார்கள். அவர்கள் தேர்ந்த பாடத்தோடு நாம் மாறுபட முடிவது அதனால்தான். 128 என்னும் எண்ணும் ஒரு பாடத்தேர்வே. அதனைச் சொல்லாமல் விட்டால் பின்வருபவர் மாறுபடும் உரிமையை நாம் எடுத்துக்கொண்டவர்களாவோம்.

இவ்விதழின் வாசகர்கள் பலர் தம் வீட்டுப் பரணிலிருந்து பழைய நூல்களையும் சிற்றிதழ்களையும் இறக்கிப் படமெடுத்து வருவதை அறிவோம். தூய்மை செய்த பக்கங்கள் கைக்கு வந்ததும், இடத்தை அடைக்கின்றன என்று மூலப்படங்களை அழித்துவிட வேண்டாம் என்பதே எங்கள் வேண்டுகோள். எங்கள் நூலில் இன்னும் பதினேழு இடங்களில், தலைமேல் இருப்பது புள்ளியா தூசா என்பது தீரவில்லை. அவ்விடங்களைக் குறித்து வைத்திருக்கிறோம். அந்நூலின் வேறொரு படி எவர் கையிலேனும் இருக்கும். அது கிடைக்கும் நாளில் ஒப்பிட்டுப் பார்ப்போம்.