வண்டியைத் தூக்கும் முன் டேப்பை எடுங்கள்

மழை விட்டதும் எங்கள் பாலக்கோடு பக்கம் டீக்கடைகளில் தக்காளி விலைக்கு அடுத்தபடியாக ஓடும் பேச்சு ஒன்று உண்டு. "பிக்கப் அடி தட்டுது. ரெண்டு இன்ச் தூக்கணும். என்ன போடலாம்?" ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். போன வருஷம் எங்கள் வண்டிக்கும் அந்த நிலை வந்தது. நாங்கள் விசாரித்ததையும் செய்ததையும் எழுதினால் இன்னும் நாலு பேருக்கு உதவும்.

எங்களுடையது எட்டு வருஷம் ஓடிய பிக்கப். மூன்று ஏக்கர் தக்காளி, கொஞ்சம் பீன்ஸ். தார் ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு அரை கிலோமீட்டர் மண் பாதை. டிராக்டர் ஓடி ஓடி இரண்டு பக்கமும் தடம் பள்ளமாகி, நடுவில் மேடு நிற்கும். கிரேட் ஏற்றிக்கொண்டு வந்தால் அந்த மேட்டில் 'டக்'கென்று இடிக்கும். வண்டி ஓட்டுவது என் தம்பி மகன். "பெரியப்பா, பட்டை ஏத்திடலாம். எல்லாரும் அதான் பண்றாங்க" என்றான்.

ஒரு உதிரி பாகக் கடையில் கேட்டோம். மூன்று வழி சொன்னார்கள். ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்பு பிளாக் வைத்து, நீளமான யூ போல்ட் போடுவது ஒன்று. ஷேக்கிளை நீளமாக மாற்றுவது இன்னொன்று. கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பது மூன்றாவது. பிளாக்தான் மலிவு, மதியத்துக்குள் வேலை முடியும் என்றார்கள். அவசரப்படாமல், முப்பது வருஷமாகப் பட்டை வேலை மட்டுமே பார்க்கும் ஒரு மேஸ்திரியிடம் வண்டியைக் கொண்டுபோனோம்.

அவர் வண்டிக்கு அடியில் குனியக்கூட இல்லை. "எங்க இடிக்குதுன்னு பாத்தீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு அடியில் படுத்துப் பார்த்தால், சிராய்ப்பு இருந்தது பின் ஆக்சில் நடுவில் இருக்கும் உருண்டையில். அதாவது ஹவுசிங்கில். மேஸ்திரி சிரித்தார். "பட்டையை எவ்வளவு தூக்கினாலும் இந்த உருண்டை ஒரு நூல் கூட மேல போகாதுங்க. இது டயர் மேல நிக்குது. பட்டை மேல நிக்கிறது சேஸும் தொட்டியும்தான்."

டீக்கடையில் யாரும் சொல்லாத விஷயம் இது. பட்டையை உயர்த்தினால் சைலன்சர், ஸ்டெப்னி, பின் பம்பர் மேலே போகும். அவை இடித்தால் அதில் பலன் உண்டு. ஹவுசிங் இடித்தால் பட்டையில் கொட்டும் பணம் வீண்.

அடுத்து டேப்பை எடுக்கச் சொன்னார். சமதரையில் வெறும் வண்டியை நிறுத்தி, டயரில் காற்று சரியாக வைத்து, சக்கரத்தின் நடு மையத்திலிருந்து மேலே தொட்டியின் அடி விளிம்பு வரை அளக்க வேண்டும். அதே மாடலில் எங்கள் ஊரில் ஒருவர் புது வண்டி வாங்கியிருந்தார். அதையும் அளந்தோம். எங்கள் வண்டியின் பின்பக்கம் வலப்புறம் ஒரு இன்ச்சும் இடப்புறம் இரண்டரை இன்ச்சும் தாழ்ந்திருந்தது. எட்டு வருஷச் சுமையில் பட்டை படுத்துவிட்டது. இல்லாத உயரத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை, போன உயரத்தை மீட்டாலே போதும் என்று அப்போதுதான் தெரிந்தது.

கடைக்காரர் சொன்ன மூன்றையும் மேஸ்திரியிடம் கேட்டேன். பிளாக் வைத்தால் பிரேக் பிடிக்கும்போதும் வேகம் எடுக்கும்போதும் ஆக்சில் முறுக்கும் விசை கூடி, பட்டை எஸ் எழுத்துபோல் வளையும். ஒன்றின்மேல் ஒன்று அடுக்குவதும், முன் ஆக்சிலில் பிளாக் வைப்பதும் கூடவே கூடாது. ஷேக்கிளை இரண்டு இன்ச் நீட்டினால் கிடைப்பது ஏறத்தாழ ஒரு இன்ச் உயரம். அதோடு வண்டி பக்கவாட்டில் ஆடும். கூடுதல் பட்டை போட்டால் வெறும் வண்டி குதிரைபோல் துள்ளும். பழுத்த தக்காளி ஏற்றுகிறவர்களுக்கு அந்தத் துள்ளல் எவ்வளவு நஷ்டம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய பட்டையை கேஸ் வைத்துச் சுடவைத்து வளைத்துத் தருபவர்களும் உண்டு. அப்படிச் சுட்டால் இரும்பின் பதம் போய்விடும். சீக்கிரமே மறுபடி படுக்கும், அல்லது முறியும்.

என்னை உண்மையில் பயமுறுத்தியது வேறு. பல பிக்கப்புகளில் பின் ஆக்சிலிலிருந்து சேஸுக்கு மெல்லிய கம்பி ஒன்று போகும். அதன் முனையில் பிரேக் வால்வு இருக்கும். சுமை ஏறி வண்டி தாழ்ந்தால் கம்பி அசைந்து, பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். வெறும் வண்டியில் பின் சக்கரம் வழுக்காமல் இருக்க அழுத்தத்தைக் குறைக்கும். நாம் வண்டியைத் தூக்கிவிட்டால், முழுச் சுமை இருந்தாலும் வால்வு வண்டி காலி என்றே நினைக்கும். பின் பிரேக் பாதிதான் பிடிக்கும். நாங்கள் வாரம் மூன்று நாள் சேலம் மார்க்கெட்டுக்குத் தொப்பூர் கணவாய் இறக்கத்தில்தான் போகிறோம். அங்கே எத்தனை வண்டி கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறோம்! மேஸ்திரி இதைச் சொன்னதும், அதுவரை பிளாக் பிளாக் என்று கொண்டிருந்த தம்பி மகன் வாயை மூடிக்கொண்டான்.

வண்டியை மிக உயர்த்தினால் இன்னும் சில தொந்தரவுகள் உண்டு. ஆக்சில் தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடும். ஷாக் அப்சார்பர் முழுசாக நீண்டு அடி வாங்கும். சாஃப்ட்டின் கோணம் மாறி கிராஸ் ஜாயின்ட் தேயும்.

பட்டை கூட்டினால் பாரம் கூட்டலாம் என்ற நினைப்பும் தப்பு. ஆர்.சி.யில் போட்டிருக்கும் எடை, பிரேக், டயர், ஆக்சில் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாய். கம்பெனி கொடுத்த அமைப்புக்கும் ஆர்.சி.க்கும் மாறாக வண்டியை மாற்றுவதையும் அதே சட்டத்தின் 52-ம் பிரிவு தடுக்கிறது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் தேடுவது இதைத்தான்.

கடைசியில் நாங்கள் போட்டது எங்கள் மாடலுக்கே உரிய புதுப் பட்டை செட், இரண்டு பக்கமும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி சாய்ந்தே ஓடும். கூடவே புஷ், ஷேக்கிள் பின், சென்டர் போல்ட், யூ போல்ட் எல்லாம் புதுசு. பழைய யூ போல்ட் இழுபட்டிருக்கும், அதைத் திருப்பிப் போடக் கூடாது. பிளாக்கைவிடச் செலவு பல மடங்குதான், மறுக்கவில்லை. வேலை முடிந்ததும் சர்வீஸ் சென்டரில் அந்த வால்வின் அளவைச் சரிபார்த்தோம். 500 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட் நட்டை மறுபடி முறுக்கினோம். ஒரு பக்கம் அரைச் சுற்று ஏறியது.

ஹவுசிங் இடித்ததற்கு மருந்து பாதையில்தான் இருந்தது. அந்தப் பாதையில் போகும் ஐந்து குடும்பமும் சேர்ந்து, நடு மேட்டை மண்வெட்டியால் சீவித் தடத்தில் தள்ளி, மேலே இரண்டு டிராக்டர் கிராவல் கொட்டினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. வருஷத்துக்கு ஒருமுறை மழை முடிந்ததும் இதைச் செய்வதாகப் பேச்சு.

தம்பி மகனுக்குப் பெரிய டயர் ஆசை மட்டும் இன்னும் போகவில்லை. டயர் பெரிதானால் ஹவுசிங் உயரும் என்று மேஸ்திரி சொன்னதை அவன் நன்றாகவே பிடித்துக்கொண்டான். ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், ஏற்றத்தில் இழுவை குறையும் என்று அதே மேஸ்திரி சொன்னதைத்தான் நான் அவ்வப்போது நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.