அம்மா நடந்து போகும் கடை

போன வருடம் மார்ஸ்டன் பார்க்கில் ஒரு வீடு பார்த்தோம். நான்கு அறை, இரண்டு கார் விடும் கராஜ், பின்னால் மகள் ஓடி விளையாட ஒரு புல்வெளி. எனக்கும் மனைவிக்கும் பிடித்துவிட்டது. வங்கியும் கடன் தரத் தயார். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்த அம்மா ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"வீடு வடிவாத்தான் இருக்கு தம்பி. கறிவேப்பிலை முடிஞ்சா நான் எங்க நடந்து போறது?"

"கொஸ்ட்கோ பக்கத்திலதானே அம்மா, ஏழெட்டு நிமிஷம்" என்றேன்.

"காரிலயோ?"

அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அப்பா இருக்கும்வரை அவர்தான் ஓட்டினார். நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இதை எழுதுகிறேன்.

நான் வளர்ந்தது மேய்ஸ் ஹில்லில். சிட்னித் தமிழருக்கு அது முருகன் கோயில் இருக்கும் இடம். 'மேய்' மாதத்தை வைகாசியாக்கி 'வைகாசிக் குன்று' என்று பெயர் வைத்துக்கொண்டோம். கோயிலுக்கு 1999இல் கும்பாபிஷேகம் நடந்தது. மேய்ஸ் ஹில்லுக்கென்று பெரிய ஷொப்பிங் சென்டர் இல்லை. கிரேட் வெஸ்டர்ன் ஹைவேயால் பரமட்டாப் பக்கம் போனால் வெஸ்ட்ஃபீல்ட். மற்றப் பக்கம் போனால் வென்ட்வேர்த்வில், ரெயில் நிலையத்தைச் சுற்றி எங்கள் ஆட்களின் சின்னக் கடைகள்.

அம்மாவின் நடை கோயிலில் தொடங்கிக் கடையில் முடியும். கடைக்கார அண்ணை கறிவேப்பிலையைப் பையில் போட்டபடியே ஊர்ப் புதினம் கதைப்பார். கடைக் கண்ணாடியில் துண்டுக் காகிதங்கள் ஒட்டியிருக்கும்: அறை வாடகைக்கு, அரங்கேற்றம், வயலின் வகுப்பு, மரண அறிவித்தல். அப்பா சிட்னிக்கு வந்த முதல் மாதம் அறை எடுத்ததும் அப்படியொரு கடைக் கண்ணாடியில் பார்த்த காகிதத்தால்தான்.

இனி என் வேலைக்கு வருகிறேன். நான் ஐ.டி. ஆலோசகர். சில வருடங்களுக்கு முன் ஒரு பெரிய சில்லறை வணிக நிறுவனத்துக்காக, புதுக் கடையை எங்கே திறக்கலாம் என்று கணக்குப் போடும் மென்பொருளில் வேலை செய்தேன். அதன் அடிப்படை 1960களில் டேவிட் ஹஃப் என்ற அமெரிக்கர் எழுதிய சூத்திரம். நியூட்டனின் ஈர்ப்பு விசை மாதிரித்தான்: கடை பெரிதானால் இழுவை கூடும், தூரம் கூடினால் இழுவை குறையும். ஒவ்வொரு கடைக்கும் பரப்பளவையும் பயண நேரத்தையும் போட்டால், ஒரு தெருவில் இருக்கிறவர்கள் எந்தக் கடைக்குப் போவார்கள் என்ற நிகழ்தகவு வந்துவிடும். அழகான கணக்கு. பல இடங்களில் சரியாகவும் வரும்.

ஒருநாள் சோதனைக்காக எங்கள் வீட்டுத் தெருவைத் திரையில் எடுத்தேன். நாங்கள் போட்ட பயண நேரம் எல்லாம் கார் நிமிடம். அம்மாவின் நடை அதில் இல்லை. சின்னக் கடைகளின் பரப்பளவு மிகச் சிறிது, ஆகவே இழுவையும் பூச்சியத்துக்குக் கிட்ட. அந்தக் கண்ணாடியில் ஒட்டிய காகிதத்துக்கு எங்கள் அட்டவணையில் ஒரு நிரலும் இல்லை. பிழை ஹஃப்பினுடையது அல்ல. அவர் கேட்டது 'எங்கே வாங்குவார்கள்' என்பதை மட்டும். அந்த விடையை வைத்துக்கொண்டு ஒரு ஊரையே வடிவமைக்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

இதைச் சொல்வதால் பெரிய கடைகளுக்கு நான் எதிரி என்று நினைக்கவேண்டாம். பதினாறு வயதில் என் முதல் சம்பளம் ஒரு சுப்பர் மார்க்கெட்டில் தட்டு அடுக்கித்தான் வந்தது. ஜனவரி வெயிலில் அம்மாவே "வெஸ்ட்ஃபீல்டுக்குப் போவம், அங்க குளிர்மை" என்பார். லிஃப்ட் இருக்கிறது, சுத்தமான கழிவறை இருக்கிறது, விலையும் பல சாமானுக்குக் குறைவு. மாதம் முடியும்போது கணக்குப் பார்க்கும் குடும்பத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் வெஸ்ட்ஃபீல்டின் சொந்தக் கதையைப் பாருங்கள். ஃபிராங்க் லோவியும் ஜோன் சோண்டர்ஸும் ஐரோப்பாவில் பிறந்து, போருக்குப் பின் இங்கே வந்த யூத அகதிகள். 1950களில் அவர்கள் சேர்ந்து தொடங்கியது பிளாக்டவுன் ரெயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டெலிகட்டெசன் கடை. ஐரோப்பாவிலிருந்து வந்த குடியேறிகள் ரெயிலால் இறங்கி, தங்கள் ஊர்ச் சாப்பாட்டை அங்கே வாங்கினார்கள். அந்தக் கடையில் பிழைத்தவர்கள் 1959இல் அதே பிளாக்டவுனில் முதல் வெஸ்ட்ஃபீல்டைத் திறந்தார்கள். 1975இல் பரமட்டாவிலும் ஒன்று வந்தது. நாட்டின் மிகப் பெரிய ஷொப்பிங் சென்டர் நிறுவனம், எங்கள் கடைக்கார அண்ணையின் கடை மாதிரி ஒன்றிலிருந்துதான் முளைத்தது.

அந்த முளைக்கு மூன்று விஷயம் தேவைப்பட்டது: கட்டுப்படியாகும் வாடகையில் ஒரு சின்ன அறை, வாசலால் நடந்து போகும் சனம், அவர்களின் நாக்குத் தெரிந்த ஒருவர். மூன்றாவது எந்தக் காலத்திலும் கிடைக்கும். முதல் இரண்டையும் ஊரைத் திட்டமிடுகிறவர்கள்தான் தரவேண்டும்.

இந்தக் காலத்து உதாரணம் வேண்டுமென்றால் ஹரிஸ் பார்க்குக்குப் போங்கள். பரமட்டா வெஸ்ட்ஃபீல்டிலிருந்து நடக்கிற தூரம். விக்ரம் ஸ்ட்ரீட்டில் பழைய சின்ன வீடுகள் ஒவ்வொன்றாகச் சாப்பாட்டுக் கடையும் இனிப்புக் கடையுமாக மாறி, இன்று அந்த இடத்துக்கே 'லிட்டில் இந்தியா' என்று பெயர். பக்கத்தில் இவ்வளவு பெரிய மோல் இருந்தும் அந்தத் தெரு சாகவில்லை. துண்டு துண்டாகப் பல பேரிடம் இருந்த சின்னக் கட்டடங்கள், கிட்டவே ரெயில், நடைபாதை. ஒருவர் தோற்றால் அடுத்தவர் அதே அறையில் வேறொன்றைத் தொடங்கலாம்.

மோலுக்குள் அப்படி நடக்காது. அங்கே சொந்தக்காரர் ஒருவர். எந்தக் கடை எங்கே இருக்கவேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்வார். தெரு மாதிரித் தெரிந்தாலும் அது தெரு இல்லை, தனியார் நிலம். உங்கள் அரங்கேற்ற நோட்டீசை அங்கே நினைத்த இடத்தில் ஒட்ட முடியாது.

மார்ஸ்டன் பார்க்கில் ஏற்கெனவே இருக்கும் என் மச்சாளுக்கு இது நன்றாகத் தெரியும். கவுன்சிலில் பதிந்து, வீட்டுச் சமையலறையில் மீன் ரோல்ஸும் கட்லட்டும் செய்து விற்கிறாள். சனிக்கிழமைகளில் ஓடர் குவியும். கடை ஒன்று போடலாம் என்று ஒரு சென்டரில் விசாரித்தாள். ஐந்து வருடக் குத்தகை, வங்கி உத்தரவாதம், உள்வேலை முழுக்கச் சொந்தச் செலவு. "ரோல்ஸ் விக்கவோ, பேங்க் நடத்தவோ கேக்கினம்?" என்று சிரித்துவிட்டுத் திரும்பி வந்தாள். ஐகியாவும் பனிங்ஸும் கொஸ்ட்கோவும் இருக்கும் ஊரில், ரோல்ஸ் விற்க ஒரு சின்ன அறை அவளுக்கு அகப்படவில்லை. பெரிய கடைகள் வந்துவிட்டன. ரெயில் நிலையம் இன்னும் வரவில்லை. ஆகவே எல்லாரும் காரில், எல்லாரும் ரிச்மண்ட் ரோட்டில்.

பெரிய பெட்டிக் கட்டடத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. வூல்வேர்த்ஸ், அமெரிக்காவின் லோஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2011இல் 'மாஸ்டர்ஸ்' என்ற வீட்டுச் சாமான் கடைகளைத் தொடங்கியது. 60க்கு மேற்பட்ட கடைகள் திறந்து, 2016 டிசம்பரில் எல்லாம் மூடப்பட்டன. அவ்வளவு பெரிய கட்டடத்தை எடுக்க இன்னொரு பெரிய நிறுவனம்தான் வரவேண்டும். சிலதைப் பனிங்ஸ் எடுத்தது. தெருவில் ஒரு சின்னக் கடை மூடினால் அடுத்த மாதம் ஒரு முடிவெட்டும் கடை வரலாம். ஒரு மாஸ்டர்ஸ் மூடினால் மிஞ்சுவது ஒரு வெறும் கார்த் தரிப்பிடம்.

சரி, எங்களால் என்ன செய்ய முடியும்? இதை உங்களில் பலருக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். நியூ சவுத் வேல்ஸில் புதுக் கட்டடம் ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டால், பெரும்பாலும் அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். யாரும் கருத்து எழுதலாம். 1979ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின் 4.15ஆம் பிரிவு, அந்தக் கருத்துகளையும், அந்த இடத்தில் வரும் சமூக, பொருளாதாரத் தாக்கத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்கிறது.

ஆனால் எப்படி எழுதுகிறீர்கள் என்பது முக்கியம். அதே 1979இல் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றத்துக்கு கென்டக்கி ஃபிரைட் சிக்கன் எதிர் கன்டிடிஸ் என்ற வழக்கு வந்தது. பின்னாளில் கவர்னர் ஜெனரலான நீதியரசர் நினியன் ஸ்டீபன் அதில் ஒரு கோடு கிழித்தார். 'என் கடைக்குப் போட்டி வரும்' என்பது மட்டும் திட்டமிடலுக்குரிய காரணம் ஆகாது. ஆனால் அந்தப் போட்டியால் ஊருக்கு இருக்கும் வசதியே குறைந்துபோய், புதிதாக வருவதும் அதை ஈடுசெய்யாது என்றால், அது கணக்கில் எடுக்கவேண்டிய விஷயம். ஆகவே 'பாவம், அண்ணையின் கடை' என்று எழுதினால் எடுபடாது. 'கார் இல்லாத முதியவர்கள் நடந்து போகும் ஒரே கடை இது' என்று எழுதினால் பதில் சொல்லியாகவேண்டும்.

நாங்கள் மார்ஸ்டன் பார்க் வீட்டை வாங்கவில்லை. வென்ட்வேர்த்வில்லில் மூன்று அறை யூனிட் ஒன்று எடுத்தோம். புல்வெளி இல்லை என்று மகளுக்கு இன்னும் கோபம். மனைவிக்கும் அந்தச் சமையலறையை விட்ட கவலை உண்டு. சரியான முடிவுதானா என்று சில இரவுகளில் நானும் யோசிப்பேன். ஆனால் அம்மா காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு தனியாகப் புறப்படும்போது, யாரிடமும் 'ஏத்திக்கொண்டு போறியோ' என்று கேட்பதில்லை.

மச்சாளின் வீட்டுப் பக்கம் ஒரு சுப்பர் மார்க்கெட்டுக்கு விண்ணப்பம் வந்தபோது இருவருமாக உட்கார்ந்து கருத்து எழுதினோம். சுப்பர் மார்க்கெட் வரட்டும், தேவைதான் என்றே தொடங்கினோம். அதோடு நடைபாதையைப் பார்த்தபடி ஆறேழு சின்னக் கடை அறைகள் வேண்டும், வீடுகளிலிருந்து அங்கே நடந்து வர மர நிழல் வேண்டும், கார்த் தரிப்பிடம் பின்பக்கம் போகவேண்டும் என்று கேட்டோம். முடிவு இன்னும் வரவில்லை.

அனுப்பிவிட்டு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினோம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்:

"கறிவேப்பிலையையும் எழுதினியளோ?"