அம்பாசடருக்குக் கண் மங்கினால்...

இரவு பத்தரை மணி. கவரைப்பேட்டைப் பக்கமிருந்து தேர்வாய் கண்டிகைக்கு ஒரு பழைய அம்பாசடர் திரும்பிக்கொண்டிருந்தது. ஓட்டியவர் அப்பா. பக்கத்தில் பாலிடெக்னிக் படிக்கும் மகன். சிப்காட் லாரி ஒன்று எதிரே கண்ணைக் கூசவைத்துக் கடந்தது. அடுத்த நொடி... முன்னால் சைக்கிளில் ஒருவர்! அப்பா ஸ்டியரிங்கை ஒடித்ததில் நூலிழையில் தப்பினார். வீடு வந்த பிறகும் அப்பாவின் கை நடுக்கம் நிற்கவில்லை.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். ஷிப்ட் முடிந்து சைக்கிளிலும் நடந்தும் ஆட்கள் போகிற சாலையில் அந்த ஒரு நொடி எவ்வளவு பெரியது!

"நூறு வாட் பல்பு வாங்கி மாட்டிடலாம்டா" என்றார் அப்பா. பழைய கார் வைத்திருக்கும் பலரும் செய்வது இதைத்தான். ஆனால் கும்மிடிப்பூண்டி எலக்ட்ரீஷியன் ஒத்துக்கொள்ளவில்லை.

"பல்பு மேல தப்பு இல்லண்ணே. கரண்டு வர்ற வழியைப் பார்ப்போம்."

அது என்ன வழி? அம்பாசடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரிலிருந்து பிறந்தது. 2014-ல்தான் அதன் உற்பத்தி நின்றது. அந்தக் காலத்து ஆங்கிலேயக் கார்களின் ஒயரிங்கில் ஹெட்லைட்டுக்கான மொத்தக் கரண்டும் சுவிட்சுக்குள்ளேயே போகும். பாட்டரியிலிருந்து பழுப்பு ஒயர் லைட் சுவிட்சுக்கு. அங்கிருந்து நீல ஒயர் டிம்-பிரைட் சுவிட்சுக்கு. அதன்பின் நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது பிரைட்டுக்கு, சிவப்புக் கோடு போட்டது டிம்முக்கு. கறுப்பு ஒயர் எர்த். இந்த நிறங்கள் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. ஆனால் பல கைகள் பட்ட வண்டியில் நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. மீட்டர் வைத்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

லைட்டைப் போட்டு மல்டிமீட்டரில் பார்த்தார்கள். பாட்டரியில் 12.2 வோல்ட். பல்பின் இரண்டு முனைகளுக்கு நடுவே 10.4 தான்! மீதி 1.8 வோல்ட் எங்கே? தேய்ந்த சுவிட்ச், பச்சை பிடித்த கனெக்டர், துருப்பிடித்த எர்த் போல்ட் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் தின்றுவிட்டன.

1.8 வோல்ட் தானே என்று நினைக்க வேண்டாம். இழை பல்பில் வோல்டேஜ் சற்றுக் குறைந்தாலும் வெளிச்சம் மிக வேகமாகச் சரியும். வோல்டேஜ் 15 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 40 சதவீதம் போய்விடும்.

இனி நூறு வாட் கதை. 55 வாட் பல்பு இரண்டு எரிய சுமார் 9 ஆம்பியர் போதும். பெரிய பல்பு போட்டால் கரண்டு கூடும். கரண்டு கூடினால் அதே ஒயரில் இழப்பும் கூடும், சூடும் கூடும். சுவிட்ச் உருகும். எதிரே வருபவருக்குக் கண் கூசும். நோய் அப்படியே இருக்கும்!

எலக்ட்ரீஷியன் செய்த வைத்தியம் இரண்டு ரிலே. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. பழைய ஒயர் ரிலேயின் 86-ம் முனைக்கு, 85 எர்த்துக்கு. பாட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த ஒயர் 30-க்கு. 87-லிருந்து நேராகப் பல்புக்கு. இப்போது சுவிட்ச் வெறும் உத்தரவு மட்டும் போடுகிறது. பாரம் சுமப்பது ரிலே. எர்த் போல்ட்டையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினார். அதே பல்பில் இப்போது 11.8 வோல்ட்.

"ஃபியூஸை பாட்டரி பக்கத்துலயே வைக்கணும் தம்பி. நடுவுல ஒயர் உரசினா வண்டியே எரிஞ்சிடும்" என்று மகனிடம் சொன்னார். அவன் படம் வரைந்து டாஷ்போர்டு பெட்டிக்குள் ஒட்டிவைத்தான்.

அன்றிரவு அதே சாலை. தூரத்தில் ஒரு சைக்கிளின் பின்பக்கச் சிவப்புச் சில்லு பளிச்சிட்டது. அப்பா நிதானமாக வேகத்தைக் குறைத்து, ஒதுங்கிக் கடந்தார். சைக்கிள்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.